வினாவும் விடையும்: வட்டுக்கோட்டைச் சாத்திரசாலையில் இளைஞர் சமயப் பயிற்சி

தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல்கள் சமயப் பாடம் கற்பித்தற்பொருட்டு எழுந்தவை. 1578 ஆம் ஆண்டிற் கொல்லத்தில் அச்சிடப்பெற்ற 'தம்பிரான் வணக்கம்', அடுத்த ஆண்டிற் கொச்சியில் வெளிவந்த 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகிய இரண்டும் அண்டிரிக்கு அடிகளாரின் உழைப்பால் வந்தன. பின்னது, மார்க்கோசு சோர்ச்சு என்பார் சிறுவர்க்குக் கிறித்தவக் கொள்கையைக் கற்பிக்கப் போர்த்துக்கேய மொழியில் வினாவிடையாக இயற்றிய நூலின் தமிழாக்கமாகும். இளையோர்க்குச் சமயம் கற்பித்தல் என்னும் வேட்கையே தமிழ் அச்சுக்கலைக்குத் தொட்டிலாயிற்று என்பதனை நம் உரைநடை வரலாற்றாசிரியர் பலர் போகிறபோக்கிற் கூறிச் செல்வர். அதன் விளைவுகளை நின்று ஆராய்ந்தோர் சிலரே.

வினாவிடை முறை தமிழர்க்கு அந்நூல்களால் வந்து சேர்ந்த புதுமையன்று. மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய 'உண்மை விளக்கம்' முழுமையும் வினாவும் விடையுமாகவே நடப்பது. ஆயினும் அங்கு வினவுபவர் மாணாக்கராகிய மனவாசகங்கடந்தார். விடை பகர்பவர் ஆசிரியராகிய மெய்கண்டார். ஐயமுற்றவன் கேட்க, தெளிந்தவன் சொல்லுகிறான். மேலைநாட்டினின்றும் வந்த ஞானோபதேச நூல்களில் இந்நெறி தலைகீழாக மாறுகிறது. ஆசிரியர் வினவுகிறார், மாணாக்கன் தான் முன்னரே மனனம் செய்த விடையை ஒப்பிக்கிறான். இரண்டிற்கும் பெயர் ஒன்றாயினும் பண்பு வேறு. ஒருவன் தன் ஐயத்தினின்றும் நம்பிக்கைக்கு வருவதும், பிறர் தந்த நம்பிக்கையைக் கைக்கொண்டு தொடங்குவதும் ஒன்றாகா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசனரிமார் இளைஞரிடையே ஆற்றிய தொண்டின் வளர்ச்சியையும் தளர்ச்சியையும் இவ்வேறுபாடு கொண்டு நோக்கின், இதுவரை விளங்காதன சில விளங்கக் காணலாம்.

1810 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பெற்ற அயல்நாட்டுத் திருப்பணிச் சங்கத்தினர் 1816 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்தனர். தானியேல் பூவர் தெல்லிப்பழையிலும் மெயிக்சு வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். ஊர்தோறும் தமிழ்ப் பள்ளிகளை நிறுவினர். ஆயினும் பகலிற் பள்ளியிற் கேட்டது இரவில் இல்லத்திற் கரைந்து போவதை அவர்கள் விரைவிற் கண்டுகொண்டனர். ஆதலின், சிறுவரைத் தம்முடன் இருத்தி உணவும் உடையும் ஈந்து பயிற்றும் விடுதிப் பள்ளிகளை அமைத்தனர். முதலிற் சிறுவர் எளிதில் வந்திலர். உண்ணல், உடனுண்ணல் பற்றிய சாதிக் கட்டுப்பாடு அக்காலத்து யாழ்ப்பாணத்திற் கடுமையாக இருந்தது. வந்த சிறுவரது செலவை அமெரிக்காவிலுள்ள அன்பர் ஆண்டுதோறும் ஈந்தனர். ஈந்தவர் விரும்பிய பெயர் சிறுவனுக்குச் சூட்டப்பெற்றது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்சு சிதம்பரப்பிள்ளை, ஆணல்டு சதாசிவம்பிள்ளை என்றாற்போல ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றிற் காணப்படும் விந்தையான இரட்டைப் பெயர்களின் பிறப்பு இதுவே. கடல் கடந்த ஊரொன்றில் உள்ளவர் ஒருவரது பெயரைத் தாங்கிய சிறுவன் அப்பெயரைத் தன் தந்தை வழிப் பெயரொடு சேர்த்தே எழுதினான் என்பது சிறிய செய்தியன்று.

விடுதிகளிற் பயின்றோருள் தேர்ந்தவர்க்கு உயர்கல்வி அளிக்க 1823 இல் வட்டுக்கோட்டையில் ஒரு நடுநிலையம் தோன்றிற்று. அதனைக் கல்லூரியாக்க மிசனரிமார் விரும்பினர். ஆளுநர் எட்வர்டு பான்சு இசையவில்லை. அமெரிக்கரை அவர் ஐயத்துடனேயே நோக்கினார். 1820 இல் அவர்களுக்குத் துணையாக வந்த அச்சாளர் கேரட்டு என்பாரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்தவரும் அவரே. ஆதலின், மானிப்பாயில் அமெரிக்க மிசனது அச்சகம் 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கல்லூரி என்னும் பெயர் பெறாத அந்நிலையம் 'செமினரி' என வழங்கப்பெற்றது. நாட்டு மக்கள் அதனைச் சாத்திரசாலை என்றனர். அப்பெயரே அதன் தன்மைக்கு மிகப் பொருந்துவது என்பது எம் கருத்து. ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானநூலும் அளவை நூலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. 1850 இல் இலங்கைக் கிறித்தவம் பற்றி நூலெழுதிய எமர்சன் தெனன்று, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்து எண்ணத்தக்கதாக இச்சாலையைப் பாராட்டியுள்ளார். குடியேற்ற ஆட்சியில் உயர்பதவி வகித்த ஒருவர் அமெரிக்கர் நிலையத்தைப் புகழ்ந்தமையின், அதனை வெறும் முகமன் எனத் தள்ளிவிட இயலாது.

இனி, சமயப் பயிற்சி அங்கு எவ்வாறு நடந்தது என்பதனைக் காண்போம். காலையும் மாலையும் கூட்டு வழிபாடு, நாள்தோறும் விவிலியப் பாடம், ஞாயிறுதோறும் சொற்பொழிவு, வினாவிடை நூல் மனனம். இவை புறத்தே காணப்படுவன. அகத்தே நிகழ்ந்தது வேறொன்று. சபையிற் சேர விரும்பிய இளைஞன் ஒவ்வொருவனையும் மிசனரி தனியே இருத்தி, அவன் உள்ளத்தின் நிலையை வினவுவார். பாவ உணர்ச்சி உண்டோ, மாற்றம் மெய்யானதோ, உணவுக்கும் கல்விக்குமாக வந்த வேடமோ என்று பல திங்கள் நோக்கியபின்னரே ஏற்றுக்கொள்வார். 1824 இல் விடுதிகளிலே திடீரென எழுந்த சமய எழுச்சி மிசனரிமாரைப் பெருமகிழ்ச்சிக்கு உள்ளாக்கிற்று. இளைஞர் அழுதும் வேண்டியும் இரவைக் கழித்தனர் என்னும் செய்திகள் அமெரிக்கா வரை சென்றன. அவ்வுணர்ச்சியைப் போலி எனல் அறமாகாது. ஆயினும், தம்மைப் போற்றி வளர்த்தவர் மிக விரும்பிய ஒன்றையே அச்சிறுவர் உணர்ந்தனர் என்பதனையும் மறத்தலாகாது. பதினைந்து வயதினன் ஒருவன் தன் உள்ளத்தையும் தன் ஆசிரியரது விருப்பத்தையும் பிரித்தறிதல் எளிதன்று.

மனனம் செய்வித்த அதே சாலையில் எண்ணிக் காணும் பழக்கமும் ஊட்டப்பட்டது. இஃது அதன் உட்பகை எனலாம். 1829 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிகழவிருந்த சந்திர கிரகணம் பற்றி ஊர்ப் பஞ்சாங்கத்திற் கணித்திருந்ததிற் பிழையுண்டெனப் பூவர் முன்னரே அறிவித்தார். மாணாக்கரும் ஊராரும் இரவிற் கூடி நோக்கினர். பூவரது கணிப்பே பொருந்திற்று. பஞ்சாங்கம் பொய்த்தால் புராணம் பொய்க்கும், புராணம் பொய்த்தால் சைவம் சரியும் என்பது மிசனரிமார் எதிர்பார்ப்பு. இளைஞர் செய்ததோ வேறு. கோளியக்கம் பற்றிய புதுக்கணக்கைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டனர். அதனோடு தம் முன்னோர் சமயத்தையும் வைத்துக்கொண்டனர். ஏற்காதார், கிறித்தவ மறையினையும் அதே அளவுகோலால் அளந்து பார்க்கத் தலைப்பட்டனர். வினவக் கற்றவன் ஒரு திசையில் மட்டும் வினவுவான் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

வினா ஆசிரியரையும் விட்டுவைக்கவில்லை. பூவருக்குப்பின் சாலைத் தலைவராக விளங்கிய ஒய்சிங்டன், சிவஞானபோதம், சிவப்பிரகாசம், தத்துவக்கட்டளை என்பவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அமெரிக்கக் கீழைநாட்டியற் கழகத்தின் வாயிலாக 1854 இல் வெளியிட்டார். சைவத்தை மறுக்க வந்தவர் மெய்கண்டாரின் மாணாக்கர் வரிசையிற் புறத்தே ஓரிடம் தேடிக்கொண்டார் என்று கூறினும் மிகையாகாது.

ஆண்கள் நிலையத்தைப் பற்றியே பேசுவோர் உடுவிற் பெண்கள் பள்ளியைக் குறிப்பிடாது விடுவர். 1824 இல் ஆரியற்று வின்சுலோ அம்மையார் அதனைத் தொடங்கினார். பெண் எழுதக் கற்பது குடிக்கு இழுக்கு எனக் கருதப்பட்ட காலம் அது. கிறித்தவ இளைஞனை மணக்கும் மாணாக்கிக்கு மிசனே சீதனமும் ஈந்தது. யாழ்ப்பாணத்து வழக்கத்தை எதிர்த்து வந்தவர் அவ்வழக்கத்தின் வாயில் வழியாகவே உள்ளே புகுந்தனர் என்பது நகைக்கத்தக்கதாயினும், பயனுடையதாயிற்று. 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் அப்பள்ளியிற் பணி செய்து, தாயர்க்கும் அவர்தம் மகளிர்க்கும் ஆசிரியராயினார். சாத்திரசாலையிற் பயின்ற இளைஞன் தொழிலை நாடிச் சென்னைக்கோ கொழும்புக்கோ போனான். உடுவிலிற் பயின்றவள் ஊரிலே தங்கினாள். மாலையில் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லினாள். யாழ்ப்பாணத்துக் கிறித்தவக் குடும்பங்கள் மூன்றாம், நான்காம் தலைமுறை வரை நிலைத்தமைக்குச் சாலையினும் உடுவிலே பெரிதும் காரணம் எனக் கொள்ளத் தோன்றுகிறது. இவ்வகையில் எழுத்துச் சான்று குறைவு. அடுக்களையில் நடந்த சமயப் பயிற்சியை யார் பதிந்து வைத்தார்?

சாலை மாணாக்கரிடத்துப் பயிற்சி எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு மூவரை எடுத்துக்கொள்வோம். சதாசிவம்பிள்ளை இறுதிவரை கிறித்தவராகவே வாழ்ந்தார். அமெரிக்க மிசன் 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை' இதழைப் பின்னாளில் நடத்தினார். 1886 இல் 'பாவலர் சரித்திர தீபகம்' என்னும் புலவர் வரலாற்று நூலை வெளியிட்டார். அந்நூலிற் சைவப் புலவரையும் பிறரையும் அவர் போற்றும் ஒருதன்மை நோக்கத்தக்கது. சி. வை. தாமோதரம்பிள்ளை கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, சாலையிற் கற்றுத் தேறி, பேர்சிவல் பாதிரியாரின் அழைப்பினாற் சென்னை சென்று 'தினவர்த்தமானி' இதழில் உழைத்தார், பின்னர்ச் சைவரானார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு 1868 இலும், வீரசோழியத்தை 1881 இலும், கலித்தொகையை 1887 இலும் பதிப்பித்து நமக்கு ஈந்தவர் அவரே. அவரோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியான கறல் விசுவநாதபிள்ளையோ கிறித்தவத்தை விட்டு நீங்கிச் சைவம் சார்ந்து, மீண்டும் கிறித்தவத்திற்கே வந்தார். வீசகணிதம் பற்றித் தமிழில் நூலெழுதியவர் அவர்.

ஒருவர் நிலைத்தார், ஒருவர் நீங்கினார், ஒருவர் நீங்கி மீண்டார். சபைப் பதிவேட்டிற் கணக்கெடுப்போன் இம்மூவரை எவ்வாறு எழுதுவான்? பதிவேட்டை மூடிவிட்டு அவர் செய்த பணியை நோக்கின், மூவரிடத்தும் ஒரே கைவண்ணம் புலப்படுகிறது. ஏடுகளை ஒப்பிட்டு நோக்கும் பொறுமை, சான்று கேட்கும் இயல்பு, முன்னுரையிற் காரணங்காட்டி வாதிக்கும் திறன் ஆகிய இவை விவிலியத்தை வரிவரியாகப் பிரித்து ஆராயும் வகுப்பிற் கற்றவை. கலித்தொகைப் பதிப்புக்கு ஞாயிறு வகுப்பு எந்த அளவிற்குக் கடன்பட்டது என்னும் வினாவைத் தமிழ்ப் பதிப்பு வரலாற்றார் இன்னும் முறையாகக் கேட்டிலர்.

ஆறுமுகநாவலர் சாத்திரசாலை மாணாக்கரல்லர். அவர் கற்றதும் கற்பித்ததும் யாழ்ப்பாண நகரத்து வெசிலியன் மிசன் பள்ளியில். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பிற்குத் துணைநின்றபோது இளைஞரைப் பயிற்றும் கிறித்தவ முறை முழுவதையும் அவர் உள்ளிருந்து கண்டார். 1847 இறுதியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சொற்பொழிவைத் தொடங்கினார். ஞாயிறுதோறும் கேட்ட பிரசங்கம் வெள்ளிதோறும் கேட்கப்பட்டது. 1848 இற் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. பாலபாடங்கள் படிமுறையாக வந்தன. சைவ வினாவிடையும் வந்தது. ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. நாவலர் தம் மரபிலேயே 'உண்மை விளக்க'த்தைப் பெற்றிருந்தார். ஆயினும் இளைஞர்க்கு அவர் அளித்த நூலில் ஆசிரியரே வினவுகிறார். மாணாக்கன் விடை ஒப்பிக்கிறான். எதிர்த்தவரது படைக்கலத்தையே எடுத்தார் என்பர். படைக்கலத்தோடு அதன் குறையையும் எடுத்துக்கொண்டார் என நாம் சேர்த்துக் கூறலாம். 1854 இல் வெளிவந்த 'சைவதூஷண பரிகார'த்தில், யூதர் கோயில் வழிபாட்டினையும் சைவக் கோயில் வழிபாட்டினையும் விவிலியச் சான்று கொண்டே அவர் ஒப்பிட்ட திறன் அக்குறைக்கு ஈடு செய்வது. அங்கு மாணாக்கர் எழுந்து நின்று வினவுகிறார்.

அடுத்த ஆண்டிலேயே சாத்திரசாலை மூடப்பெற்றது. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபசு அந்தர்சன் 1855 இல் யாழ்ப்பாணம் வந்து நிலையங்களை ஆராய்ந்தார். தன்னைத்தானே ஆண்டு, தன்னைத்தானே தாங்கி, தன்னைத்தானே பரப்பும் நாட்டுச் சபையே திருப்பணியின் முடிவு என்பது அவர் கொள்கை. ஆங்கிலக் கல்வி இளைஞரை ஊரினின்றும் பிரித்து அரசாங்க அலுவலை நோக்கித் தள்ளுகிறது. போதகராக விரும்புவோர் அருகினர். கிறித்தவரல்லாத மாணாக்கர் பெருகினர் என அவர் கண்டார். கண்டவை உண்மையே. அவர் கொண்ட முடிவிலேயே எமக்கு உடன்பாடில்லை. தாய்மொழியிற் சமயப் பயிற்சி நிகழவேண்டும் என்றவர், தமிழை அவ்வளவு ஆழமாகக் கற்பித்த நிலையத்தையே அதன் ஆங்கிலத்தின்பொருட்டு மூடினார். நெவின்சு சிதம்பரப்பிள்ளை 1850 இல் 'நியாய இலக்கணம்' என அளவை நூலைத் தமிழில் தந்தது அச்சாலைப் பயிற்சியாலன்றோ? அன்றியும், தன்னைத்தானே ஆளும் சபை வேண்டும் என்னும் கொள்கையை அச்சபையாரைக் கேளாமலே நிறைவேற்றியது பெருமுரண். ஆசிரியரே வினவி, ஆசிரியரே விடையும் கூறிய நிகழ்ச்சி அது.

மூடியபின் விடையளித்தோர் பழைய மாணாக்கரே. அவர்தம் முயற்சியாலும் பொருளுதவியாலும் 1872 இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பெற்றது. அங்கு 1884 இல் நிகழ்ந்த ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. பிராங்கு சாண்டர்சு என்னும் இளம் அமெரிக்க ஆசிரியரின் தூண்டுதலால் மாணாக்கரிடையே கிறித்தவ வாலிபர் சங்கம் தோன்றிற்று. ஆசியாவிற் கல்லூரி மாணாக்கர்க்கென அமைந்த அத்தகைய சங்கங்களுள் அது முதலாவதாகக் கருதப்படுகிறது. சாலையின் விடுதியிற் பூவர் வினவினார். சங்கத்தின் கூட்டத்தில் மாணாக்கர் தம்முள் வினவினர். தலைவரைத் தாமே தேர்ந்தனர். செபக் கூட்டத்தைத் தாமே நடத்தினர். எழுவைதீவிற் பள்ளியொன்றை நடத்தும் பொறுப்பையும் ஏற்றனர். கடல் கடந்து வந்தவரின் பிள்ளைகளாக வளர்க்கப்பெற்ற மரபினர், தாமும் ஒரு சிறு கடலைக் கடந்து பிறர் பிள்ளைகட்குக் கற்பிக்கச் சென்றனர். அத்தீவு யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மிக அண்மையது. ஆயினும் சென்றவன் கேட்பவனாக அன்றிக் கேட்கப்படுபவனாக மாறினான். மீனவச் சிறுவன் ஒருவன் கேட்கும் ஐயத்திற்கு மனனம் செய்த விடை உதவாது.

இவ்வமைப்பு முறை பிறர்க்கும் எட்டிற்று. கொழும்பில் 1898 இல் நிறுவப்பெற்ற பௌத்த வாலிபர் சங்கம் பெயராலும் வடிவாலும் கிறித்தவ வாலிபர் சங்கத்தை ஒத்தது. யாழ்ப்பாணத்தில் 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றி, பின்னர் வாலிபர் காங்கிரசு எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் உயிர்நாடியாக விளங்கிய அண்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியிற் கற்று அங்கேயே கற்பித்தவர். சாதி வேற்றுமை, தாய்மொழிக் கல்வி, நாட்டு விடுதலை என அவ்வியக்கம் எடுத்துக்கொண்ட பொருள்கள் சமய எல்லையைக் கடந்தவை. சைவ இளைஞரும் கிறித்தவ இளைஞரும் ஒரு மேடையில் நின்று தம் மூத்தோரை வினவினர். உடன் இருந்துண்ண மறுத்த சிறுவரோடு தொடங்கிய விடுதி மரபின் வழியினர், 1920களின் இறுதியிற் பள்ளிகளிற் சமபந்தியும் சம ஆசனமும் வேண்டுமென வாதிட்டனர். அதற்கு எழுந்த எதிர்ப்பு வன்மையானது. எதிர்த்தோருட் கிறித்தவரும் இருந்தனர்.

சங்கத்தின் அகச்சமயப் பயனுக்கு ஒரு சான்று போதும். யாழ்ப்பாணத்திற் பிறந்த டி. த. நைல்சு, மாணவர் கிறித்தவ இயக்கத்தில் வளர்ந்து, பின்னர் உலகச் சபைகள் மன்றத்தின் இளைஞர் பகுதிக்குத் தலைவரானவர். 1948 ஆகத்துத் திங்களில் அம்சிடர்தாம் நகரில் அம்மன்றத்தின் முதற் பேரவை கூடிற்று. தொடக்க வழிபாட்டிற் பேச இருவர் அழைக்கப்பெற்றனர். ஒருவர், உலகமெங்கும் மாணவர் சங்கங்களை நிறுவித் திரிந்த அமெரிக்க முதியவர் சான் மொட்டு. மற்றவர், நாற்பது வயது நிரம்பிய நைல்சு.